கோட்டுக் கையில் ஒரு கூடு

கறுப்பில் எத்தனை வகை என்று கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். கோட்டுக்காரர் விரலை மடக்கத் தொடங்கிவிடுவார். புதிதாக வக்கீல் ஆனவரின் கறுப்பு, பத்து வருஷம் வாதாடியவரின் கறுப்பு, வீட்டில் கண்ட சோப்பையும் போட்டுக் கசக்கிக் கெடுத்த கறுப்பு, மழையில் நனைந்து ஈரத்தோடு பீரோவுக்குள் போன கறுப்பு. தோள்பட்டையைத் தடவிப் பார்த்தே, அதன் சொந்தக்காரர் நின்று வாதாடுகிறவரா, உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவரா என்று சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாவிட்டால், வக்கீல்தான் மறைக்கிறார் என்பார்.

கோர்ட்டுக்குப் பின்பக்கத்துத் தெருவில் அவருடைய சலவைக்கடை. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. கடைக்குள் இரண்டு மெஷின், ஒரு ஸ்டீம் பெட்டி, சுவர் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். குழாயில் கோட்டுகளும் கவுன்களும் நெருக்கியடித்துத் தொங்கும். துக்கம் கேட்க வந்த கூட்டம் போல இருக்கும். யாருக்கும் தலை மட்டும் இருக்காது. கவுனின் முதுகில் மடிப்பு வைப்பது அவர் மனைவியின் வேலை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். கணவர் பேசும்போதும் கண்ணை மூடிக்கொள்வாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் கையில் ஒரு துணியும் கெட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லமாட்டார். இன்றைக்கு வியாழக்கிழமை என்பது போலச் சொல்வார். அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: கறுப்பு வெயிலைப் பார்க்கக் கூடாது. மாடியின் நடுவில் பச்சை நிழல்வலை கட்டி, அதன் கீழே காற்றில் மட்டும் உலர்த்துவார். காற்றை அவர் சந்தேகப்பட்டதே இல்லை, பக்கத்து வீட்டுக்கு ஊசிக்காரம்மா வரும்வரைக்கும்.

ஊசிக்காரம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இருட்டு பிரிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பி, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பார். பத்து மணிக்கெல்லாம் பாதி ஊரின் ரத்தம் அவருடைய பெட்டியில் இருக்கும். ஐம்பது வயது, தனி ஆள், அதட்டாத குரல். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் எதிராளியின் முழங்கைக்கு உட்பக்கத்தையே பார்ப்பார். நரம்பு தேடிப் பழகிய கண். அவர் குடிவந்த பிறகு அந்தத் தெரு ஆண்கள் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடத் தொடங்கினார்கள்.

வீட்டை வாங்கிய கையோடு அவர் செய்த முதல் காரியம், முன்னால் இருந்தவர்கள் விரித்திருந்த புல்தரையைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வெளியே போட்டது. பூந்தொட்டிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஆற்றங்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் காலி மனைகளிலும் அந்த மண்ணில் தானாக முளைத்துக் கிடந்த செடிகளைத் தேடிக் கொண்டுவந்து நட்டார். மூலைக்கொன்றாக இரண்டு எருக்கு. நடைபாதை ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் பூளை. பின்பக்கம் ஒரு புதர் நாணல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரில் வேலிப்பருத்திக் கொடி. ரத்தம் எடுக்கிற பெண்ணுக்குப் புத்தி கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் என்று தெரு முடிவு கட்டி, அதோடு விட்டுவிட்டது.

முதல் வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருஷக் கோடையில் காய்கள் வெடித்தன.

செய்தியைக் கொண்டுவந்தவன் கோட்டுக்காரரின் மச்சினன். அவன் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தா. கோர்ட் வாசலில் கோட்டுகளை வசூலித்துக் கடைக்கு அனுப்புவதும் அவன்தான் என்பதால், கடைக்குள் வரும்போது பாதி முதலாளி போல வருவான்.

"மாமா, எங்க சீனியர் கவுன நீங்கதானே தொவைச்சீங்க?"

"ஆமா. என்ன?"

"ஜட்ஜ் அவர நிறுத்தி, முயல் கியல் வளக்கறீங்களான்னு கேட்டாரு."

கோட்டுக்காரர் கவுனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முதுகு முழுக்க வெள்ளை இழைகள். பட்டு போல மெல்லியவை, ஒரு விரல் நீளம், நூற்றுக்கணக்கில். ஊதினால் நகர்ந்து அடுத்த மடிப்பில் உட்கார்ந்துகொண்டன. பிரஷ் போட்டார், பிரஷில் ஏறாமல் துணிக்குள் இறங்கின. மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தார். நிழல்வலையின் கீழே பதினெட்டு கவுன்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பதினெட்டுக்கும் நரைத்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் வேலிப்பருத்திக் காய் ஒன்று அவர் கண்ணெதிரிலேயே பிளந்தது. உள்ளே விதைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெள்ளைக் குடுமி. காற்று வந்து அழைக்க, ஒவ்வொன்றாகக் கிளம்பிச் சுவர் ஏறி அவர் மாடிக்கு வந்தன. அவசரமே இல்லாமல் வந்தன.

அன்றைக்கு மத்தியானம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"மேடம், உங்க செடி எங்க தொழில்ல கை வைக்குது."

"எந்தச் செடிண்ணே?"

"எல்லாச் செடியும். பஞ்சு பறக்குது. நான் கறுப்புத் துணி தொவைக்கிறவன். வேற எவன் பக்கத்துலயாவது நீங்க இத வெச்சிருந்தா ஒரு பேச்சும் இல்ல. ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் பக்கத்துல வெச்சிருந்தா அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது."

ஊசிக்காரம்மா அவர் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே. குருவிங்க வந்து எடுத்துட்டுப் போயிடும்."

"எத?"

"பஞ்சைத்தான். கூட்டுக்குள்ள மெத்தை போட எடுக்கும். அதுக்குத்தான் இந்தச் செடிங்கள வெச்சதே."

"எப்ப வரும்?"

"இந்த வாரமோ அடுத்த வாரமோ."

கடைக்குத் திரும்பிய கோட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார்: "புகார் சொல்லப் போனேன். குருவி வந்து சரி பண்ணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"என்னிக்கு வருமாம்?" என்றாள் மனைவி.

"தேதி சொல்லல."

"நம்ம மெஷின் ரிப்பேர்காரன் கூடத்தான் தேதி சொல்றதில்ல" என்று அவள் அடுத்த கவுனை எடுத்தாள்.

மெஷின் ரிப்பேர்காரனைவிடக் குருவிகள் நாணயமாக நடந்துகொண்டன. ஐந்தாம் நாள் காலையில் வந்துவிட்டன. முதலில் வந்தது தேன்சிட்டு ஜோடி. ஆண் பளபளவென்று கருநீலமாக இருந்தது. வெயிலில் அந்தக் கறுப்பு எப்படி நிறம் மாறுகிறது என்று கோட்டுக்காரர் தொழில்முறையில் கவனித்தார். பெண் சாம்பலும் மஞ்சளுமாகச் சாதாரணமாக இருந்தது; வேலை முழுவதும் அதுதான் செய்தது. பிளந்த காயின் விளிம்பில் தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகால் பஞ்சைப் பிடித்து இழுத்து, மீசை வைத்தது போல வாயின் இரு பக்கமும் அடைத்துக்கொண்டு பறந்தது. ஆண் கூடவே போய்க் கூடவே வந்தது. எதையும் எடுக்கவில்லை. மேற்பார்வை.

அடுத்து சில்லைக் குருவிகள் ஏழெட்டு வந்து நாணலில் தொற்றிக்கொண்டு, பூக்கதிரை நீளமாகக் கிழித்து, தங்களைவிட மூன்று மடங்கு நீளமான வாலோடு பறந்தன. தையல்சிட்டு ஒன்று பூளைச் செடியின் அடியில் தரையோடு தரையாகத் தத்தி, வெள்ளைப் பூவை மெத்தென்று பிடுங்கியது.

கோட்டுக்காரர் அன்று மெஷினில் துணியைப் போட்டுவிட்டு மாடிக்கு மூன்று தடவை போனார். மறுநாள் ஐந்து தடவை. அவருக்கு ஒன்று தோன்றியது. பஞ்சு காயில் இருக்கும்போதே குருவி எடுத்துவிட்டால் அது பறக்காது. பறக்காத பஞ்சு கவுனில் ஒட்டாது. ஆக, கடைக்குத் தேவை குருவி. ஒரு குருவிக்கு எவ்வளவு பஞ்சு என்பதுதான் தெரிய வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு கறுப்புத் துணி தேவைப்பட்டது. அந்த ஊரில் அவருக்குக் கிடைக்காத பொருளா அது? ஆனால் எல்லாம் வாடிக்கையாளர் துணி. குழாயின் கடைசியில், சுவரோடு சுவராக, மூன்று வருஷமாக ஒரு கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டயர் வக்கீலின் கோட்டு. அவர் ஆறு வருஷம் கோர்ட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, வழக்கு ஏதும் நிலைக்காமல், மாமனாரின் டயர் கடையைப் பார்த்துக்கொள்ள வெளியூர் போனவர். போகிற வாரத்தில் சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வரவில்லை. போன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. கேட்பாரற்ற துணி.

கோட்டுக்காரர் அதை ஹேங்கரோடு மாடிக்குக் கொண்டுபோய், நிழல்வலைக்கு வெளியே, திறந்த வெளியில் மாட்டினார். காற்று எப்படி வருகிறதோ அப்படியே படவேண்டும் அல்லவா. வெயில் படும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

கோட்டை அங்கேயே விட்டுவைத்து, தினமும் காலை பழைய இழைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் புதிதாக ஒட்டியவற்றை எண்ணினார். முதல் நாள் அறுபத்து மூன்று. ஒரு வாரம் கழித்து நாற்பது. பத்தாம் நாள் இருபத்திரண்டு. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஊசிக்காரம்மாவிடம் இதைச் சொன்னார்.

"குருவி நல்லா வேலை செய்யுதுங்க. அறுபத்து மூணுல இருந்து இருபத்திரெண்டுக்குக் கொண்டாந்திருச்சு."

"காத்து திசை மாறியிருக்கும்ணே" என்றார் ஊசிக்காரம்மா. "இத்துனூண்டு குருவிங்க, எவ்வளவு எடுத்துடும்?"

"நீங்கதானே எடுத்துட்டுப் போயிடும்னீங்க?"

"நீங்க கோவமா வந்தீங்க. எதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

அவர் அதை ஏற்கவில்லை. தானே எண்ணிப் பார்த்ததை இன்னொருவர் பேச்சுக்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

பன்னிரண்டாம் நாள் எண்ணப் போனபோது எண்ணிக்கை பூஜ்யம். தேன்சிட்டுப் பெண் கோட்டின் மேல் உட்கார்ந்து, ஒட்டியிருந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்காரர் அதைப் போல ஒரு பிரஷ் எங்காவது கிடைத்திருந்தால் உடனே வாங்கியிருப்பார். பதினான்காம் நாள், வலது கையின் நுனியில், பொத்தான்களுக்குக் கீழே, சிலந்தி வலையால் சுற்றிய அழுக்கு முடிச்சு ஒன்று தெரிந்தது. துடைக்கலாம் என்று விரலை நீட்டினார். ஆண் குருவி ஹேங்கரில் வந்து உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி கத்தியது. அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

முடிச்சு இரண்டு நாளில் பையானது. நான்கு நாளில் அதற்கு ஒரு வாசல் வந்தது; வாசலுக்கு மேலே சின்னக் கூரையும் வந்தது. சருகு, மரப்பட்டை, பூச்சி எச்சம் எல்லாம் வெளியே ஒட்டி, பார்க்கக் குப்பை தொங்குவது போல இருந்தது. உள்ளே மட்டும் ஒரே வெள்ளை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் தூரத்தில் நின்றே பார்த்தாள். "யார் கோட்டுங்க அது?"

"டயர் வக்கீலோடது. அவரு வரமாட்டாரு."

"அவரு வரமாட்டாருன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

கோட்டுக்காரர் கூட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கூட்டில் முட்டை வந்து பத்து நாள் ஆனபோது டயர் வக்கீல் வந்தார்.

அவரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சலவைக்கடைக்குள் யாரும் அப்படி வருவதில்லை. பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேஜையில் நீவி வைத்தார். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, எழுத்து மங்கிப் போன சீட்டு. கோட்டுக்காரரின் கையெழுத்துதான்.

"கடைய மூடிட்டேங்க" என்றார் டயர் வக்கீல். "வியாபாரமெல்லாம் போச்சு. திரும்ப கோர்ட்டுக்கே வந்துட்டேன். இந்தச் சீட்ட மட்டும் பத்திரமா வெச்சிருந்தேன். கோட்டு இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அப்பாடா. எடுங்க. புதன்கிழமை ஒரு கேஸ் இருக்கு."

"புதன்கிழமை முடியாது சார்."

"தொவைக்க வேண்டாங்க, அப்படியே குடுங்க."

"அப்படியே குடுக்க முடியாது சார். அதுல ஆள் குடியிருக்கு."

டயர் வக்கீல் கடையைச் சுற்றிப் பார்த்தார். இஸ்திரி மேஜையிலிருந்து கோட்டுக்காரரின் மனைவி, "மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றாள். வேறு யாருக்கும் அது ஆறுதலாகக் கேட்டிருக்கும். கோட்டுக்காரருக்கு அப்படிக் கேட்கவில்லை; முன்னால் படியேறினார்.

மாடியில் கோட்டு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை நுனியிலிருந்து கூடு. கூட்டின் வாசலில் ஒரு வளைந்த அலகும் ஒரு கண்ணும். டயர் வக்கீல் பத்தடி தூரத்தில் நின்றார்.  கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தப்புதான் சார். நான்தான் வெளிய மாட்டுனேன்."

"எத்தனை நாளா இருக்கு?"

"முட்டை வெச்சு பத்து நாள். இன்னும் இருபது நாள் ஆகும்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. இப்பக் கழட்டி வெச்சா அது திரும்ப வராதாம்."

"எத்தனை முட்டை?"

"ரெண்டு."

டயர் வக்கீல் கீழே கவிழ்த்துவைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். "ஆறு வருஷம் அந்தக் கோட்ட நான் போட்டுட்டு அலைஞ்சேன். எனக்கு ஒண்ணும் கூடி வரல" என்றார். அவர் கோபமாகச் சொன்னாரா, சிரித்தாரா என்று கோட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. "சரி, இருக்கட்டும். புதன்கிழமைக்கு வேற கோட்டு ஏற்பாடு பண்ணுங்க."

ஏற்பாடு செய்தவன் மச்சினன். சீனியரின் பழைய கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். சீனியர் பீரோ போல இருப்பார். அந்தக் கோட்டுக்குள் டயர் வக்கீல் இருக்கிறார் என்பது கிட்டத்தில் போனால்தான் தெரியும். நடந்ததை மச்சினனே வந்து சொன்னான்.

"ஜட்ஜ் பாத்துட்டுக் கேட்டாரு மாமா, கோட்டு உங்களோடதான்னு. இவரு, 'இல்லீங்க ஐயா', என்னோடதுல குருவி கூடு கட்டியிருக்குன்னு சொல்லிட்டாரு."

"அப்படியேவா?"

"அப்படியே.  ஜட்ஜ் கண்ணாடிய எறக்கி ஒரு நிமிஷம் பாத்தாரு. முப்பது வருஷமா வாய்தா காரணம் கேட்டுட்டிருக்கேன், இத யாரும் சொன்னதில்லன்னாரு. நாலு வாரம் தள்ளிப் போட்டுட்டாரு."

அந்த நாலு வாரமும் டயர் வக்கீல் தினமும் சாயங்காலம் மாடிக்கு வந்தார். கோட்டைப் பார்க்கத்தான் வந்தார். பிறகு கேஸ் கட்டையும் கையோடு கொண்டுவந்தார். அவருக்கு ஆபீஸ் கிடையாது. வீட்டில், கடை போனதும் கூடவே வந்துவிட்ட மாமனார் இருந்தார். ஊரிலேயே தன்னை யாரும் ஒன்றும் கேட்காத இடம் அந்தப் பக்கெட்தான் என்று கோட்டுக்காரரின் மனைவியிடம் சொன்னாராம். அவள் ஒரு நாற்காலியைப் படியேற்றிக் கொடுத்தாள்.

வழக்கு ஒரு தையல் மெஷினைப் பற்றியது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு வக்கீல் வைத்து, அப்பா வைத்துவிட்டுப் போன மெஷின் தனக்குத்தான் என்று வழக்காடினார்கள். டயர் வக்கீல் அண்ணன் பக்கம். கோட்டை ஜட்ஜாக வைத்துக்கொண்டு அவர் மாடியில் வாதாடிப் பார்ப்பார். பெண் குருவி வாசலில் தலையை நீட்டிக் கேட்கும். ஆண் குருவி ஆட்சேபிக்கும். குஞ்சு பொரித்த பிறகு இரண்டுக்கும் கேட்க நேரமில்லாமல் போயிற்று. நிமிஷத்துக்கு ஒரு தடவை வாயில் சிலந்தியோடு வந்துபோயின. இப்போதுதான் ஆண் குருவியும் வேலை செய்வதைக் கோட்டுக்காரர் பார்த்தார். நேற்றுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை இனிக் குறை சொல்ல முடியாது என்று அவருக்கு ஒரு நிம்மதி.

ஒருநாள் வாதம் உச்சத்தில் இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்காரம்மாவின் குரல் வந்தது.

"சார், அந்த மெஷின் இப்ப யார்கிட்ட இருக்கு?"

டயர் வக்கீல் கட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "அது எழுதலைங்க."

"யாராவது அதுல தைச்சுட்டு இருப்பாங்கல்ல? அவங்கள யாரும் கேக்கலையா?"

அவர் பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அன்று மேற்கொண்டு வாதாடவில்லை.

முதல் குஞ்சு ஒரு திங்கட்கிழமை காலை வெளியே வந்து, கோட்டின் காலர்வரை பறந்து, அங்கிருந்து எருக்குக்குப் போய்விட்டது. இரண்டாவது அரைநாள் யோசித்துவிட்டுப் போனது. மறுநாளும் யாரும் திரும்பி வரவில்லை. புதன்கிழமை ஊசிக்காரம்மா தன் பெட்டியிலிருந்து சின்னக் கத்திரியைக் கொண்டுவந்து, துணியில் ஒரு இழைகூட அறுபடாமல் கூட்டைப் பிரித்து எடுத்தார். ஒரு தாளின் மேல் வைத்து, பிளந்து காட்டினார்.

"இது வேலிப்பருத்திண்ணே, நீளமா, பட்டு மாதிரி இருக்கு பாருங்க. இந்தக் குட்டை குட்டையா இருக்கறது பூளை. இது எருக்கம்பஞ்சு. இந்த நாரு நாணல்ல உரிச்சது. கட்டியிருக்கறதெல்லாம் சிலந்தி வலை." ஊசி நுனியால் கிளறினார். "இது என்னன்னு தெரியல. கறுப்பா இருக்கு."

கோட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "கம்பளி. நாலு வருஷக் கறுப்பு. சீனியர் கவுன்" என்றார்.

பிறகுதான் அவர் கோட்டைக் கையில் எடுத்தார்.  முன்பக்கம் கறுப்பு. முதுகும் இடது தோளும் வெளுத்து, டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தன. ஏறக்குறைய இரண்டு மாச வெயில். எச்சக் கறையைப் போக்க அவருக்குத் தெரியும். வெயில் தின்றதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தெரியாது.

அன்று அவர் சாப்பிட உட்காரவில்லை. டயர் வக்கீல் வருவதற்குள் வேறு ஒரு கோட்டைத் தேடி மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. சாயங்காலம் டயர் வக்கீல் வந்ததும் கோட்டை மேஜையில் முதுகு தெரிய விரித்துப் போட்டார்.

"சார், இருபத்தாறு வருஷத்துல என் கையில ஒரு துணி கெட்டதில்ல. உங்க கோட்டு கெட்டுப் போச்சு. குருவியால இல்ல. நான் வெயில்ல போட்டேன். யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

டயர் வக்கீல் வெளுத்த இடத்தைத் தடவினார். "நான் கூட அப்படித்தாங்க நெனச்சேன், என்னையும் யாரும் கேக்க மாட்டாங்கன்னு" என்றார். கொஞ்சம் கழித்து, "இத ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றார்.

"சாயம் போடலாம். ஆனா அது பழைய கறுப்பு ஆகாது."

"புதுசா ஒண்ணு ஆகட்டும்."

இரண்டு நாள் கணவனும் மனைவியும் அந்த ஒரு கோட்டோடு கிடந்தார்கள். பொத்தான்களைப் பிரித்து எடுத்தார்கள். பெரிய அண்டாவில் சாயத்தைக் காய்ச்சி, கிளறி, அலசி, உலர்த்தி, மறுபடி முக்கினார்கள். அவருடைய கைகள் முழங்கைவரை கறுத்தன. கடைசியில் வந்தது வெளிச்சத்தில் பார்த்தால் கருநீலம், நிழலில் பார்த்தால் கறுப்பு. அவருடைய பட்டியலில் இல்லாத ஒரு நிறம். கோர்ட்டில் டியூப்லைட்தான் என்று மச்சினன் தைரியம் சொன்னான்.

வழக்கு நாளன்று டயர் வக்கீல் அந்தக் கோட்டில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மெஷின் யாரிடம் இருக்கிறது? அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான். பின் வரிசையிலிருந்து அவர்களுடைய அம்மா எழுந்து, அது தன் அப்பா தனக்கு வாங்கிக் கொடுத்தது, தினமும் அதில் தைப்பதும் தான்தான், இவன்கள் இருவருக்கும் ஊசியில் நூல் கோக்கவே தெரியாது என்று சொன்னார். ரசீதையும் காட்டினார். டயர் வக்கீலின் கட்சிக்காரர் தோற்றார். எதிர்க்கட்சிக்காரரும் தோற்றார். இப்படிக் கேட்க இத்தனை வருஷம் ஆனதா என்று ஜட்ஜ் இரண்டு வக்கீல்களையும் பொதுவாகக் கேட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு டயர் வக்கீலிடம் சின்னச் சின்ன வழக்குகள் வரத் தொடங்கின. பெரும்பாலும் அம்மாக்கள் கொண்டுவந்தார்கள்.

அடுத்த கோடை நெருங்கும்போது ஊசிக்காரம்மா ஒரு அரிவாளோடு சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, இந்தக் கொடிய மட்டும் அறுத்துடறேன். உங்களுக்குத் தொந்தரவு."

"அறுத்துட்டா குருவி மெத்தைக்கு எங்க போகும்?"

"எருக்கு இருக்கு, பூளை இருக்கு. சமாளிச்சுக்கும்."

"நீளமான பஞ்சு இந்தக் கொடியோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் கோட்டுக்காரர். "விடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டது இப்படி: கோடை மூன்று மாசமும் கவுன்களை மாடிக்குக் கொண்டுபோகாமல், கடையின் முன்வாசல் நிழலில் கயிறு கட்டி உலர்த்தினார். கடைக்குள் வருகிறவர்கள் குனிந்து, கறுப்பை விலக்கி, ஈரம் சொட்டும் கைகளுக்கு நடுவில் புகுந்து வர வேண்டியிருந்தது. பெரிய வக்கீல்களும் குனிந்தார்கள். மச்சினனுக்கு இது பிடிக்கவில்லை. கடையின் கௌரவம் போகிறது என்றான். அக்கா அவனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வருஷம் தேன்சிட்டு மாடிப் பக்கமே வரவில்லை. ஊசிக்காரம்மா வீட்டு அழைப்புமணிக்குப் போகிற ஒயரில், பொத்தானை ஒட்டி, முகத்துக்கு நேராகக் கூடு கட்டியது. மணியை அழுத்தக் கூடாது என்று அவர் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டார். பரிசோதனை முடிவை வாங்க வருகிறவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் சலவைக்கடைப் பக்கம் வந்தார்கள். கோட்டுக்காரர் ஸ்டீம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கவுன்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, சுவரைப் பார்த்து, "அம்மா, சுகர் வந்திருக்கு!" என்றோ, "கொழுப்பு வந்திருக்கு!" என்றோ, வந்தவருக்கு என்னவோ அதைச் சொல்லித் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். குஞ்சுகள் பறக்க ஒரு மாசம் ஆயிற்று. அதற்குள் தெருவில் யார் யாருக்கு என்ன வியாதி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.